நீலமாகிப்போன ஊதாச் சுவர்

1888 அக்டோபர் நடுவில், தென் பிரான்சின் ஆர்ல் நகரில், வின்சென்ட் வான்கோ களைத்துக் கிடந்தார். வாரக்கணக்காக வெயிலிலும் காற்றிலும் நின்று வரைந்ததில் உடம்பு ஓய்ந்துவிட்டது. வீட்டைவிட்டு நகர முடியாத அந்தச் சோர்வில்தான் அவருக்கு அடுத்த படம் தோன்றியது: தான் படுத்திருக்கும் அறை.

16ஆம் தேதி தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதன் சின்னக் கோட்டுப்படத்தைப் போட்டு, நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். விரிப்பும் தலையணைகளும் எலுமிச்சைப் பச்சை. போர்வை செக்கச் சிவப்பு. ஜன்னல் பச்சை, கதவுகள் இளம் ஊதா. இந்தப் படத்தைப் பார்க்கிறவரின் மனசு ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் சுவர் நீலமாக இருக்கிறது. கதவும் நீலம். தரை பழுப்பு. யாரும் மேலே பூசி மாற்றவில்லை. படம் தானாக மாறிக்கொண்டது.

ஓர் உணர்ச்சி தைல வண்ணமாகிக் கேன்வாஸில் உட்காரும்வரை என்னவெல்லாம் நடக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. மனசு தீர்மானிப்பது கொஞ்சம்தான். மிச்சத்தை எண்ணெயும் நிறமியும் வெளிச்சமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஓவியர் தூரிகையைக் கழுவி வைத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை.

அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை பாருங்கள். அறையின் அளவு இல்லை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இல்லை. இருப்பதெல்லாம் நிறங்கள், அதிலும் ஜோடி ஜோடியாக. ஊதாவுக்கு எதிரே மஞ்சள், சிவப்புக்கு எதிரே பச்சை. நிழல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டதாகவும், ஜப்பானிய அச்சு ஓவியங்கள் போல நிறத்தைத் தட்டையாக நிரப்பியதாகவும் சொல்கிறார். நிழல் இல்லாத அறையில் நேரம் நகராது. அது ஓய்வு. ஆனால் நிறங்களும் மந்தமாகிவிட்டால் அறை செத்துப்போகும். அதனால்தான் எதிர் நிறங்களை அருகருகே வைத்து அவற்றை மினுங்கவிடுகிறார்.

இந்த மினுக்கத்துக்கு அறிவியல் காரணம் உண்டு. பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரேலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூல் நெய்தபின் வெளுத்துத் தெரிகிறதாம். சோதித்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் அண்டை வீட்டு நிறம் தீர்மானிக்கிறது என்று அவர் 1839இல் புத்தகமாகவே எழுதினார். நம் கண்ணும் மூளையும் சிவப்பைப் பச்சைக்கு எதிராகவும், நீலத்தை மஞ்சளுக்கு எதிராகவும் எடை போட்டுத்தான் நிறத்தை அறிகின்றன. ஒரு மஞ்சள் தாளை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த ஊதாவில் ஒரு சதுரம் மிதக்கும். மஞ்சள் கட்டிலுக்குப் பின்னால் ஊதாச் சுவரை வைத்தால், கண் தானாக உண்டாக்கும் நிறமும் ஓவியர் பூசிய நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். இரண்டும் கூர்மையாகும்.

வான்கோவிடம் ஒரு பெட்டி நிறைய நூலுருண்டைகள் இருந்தன. பல நிறக் கம்பளி நூல்களை இரண்டு மூன்றாக முறுக்கிச் சுற்றியவை. எந்த நிறம் எதோடு சேர்ந்தால் எப்படித் தெரியும் என்று பெயின்ட்டைத் தொடும் முன்பே அதில் பார்த்துக்கொள்வார். அந்தப் பெட்டி இன்னமும் இருக்கிறது. வெறி பிடித்தவர் போலக் கிறுக்கித் தள்ளிய மனிதர் என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு அந்த நூலுருண்டைகள்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது துணி. வெறும் துணிமேல் எண்ணெய் வண்ணம் பூசக்கூடாது. எண்ணெயில் உண்டாகும் அமிலங்கள் நாளடைவில் நாரை அரித்து, துணியை அப்பளம் போல நொறுங்கச் செய்துவிடும். அதனால் முதலில் பசை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு. வான்கோ பெரும்பாலும் பாரிஸிலிருந்து தியோ அனுப்பிவைத்த, முன்பே வெள்ளை பூசிய கேன்வாஸைப் பயன்படுத்தினார்.

இப்போது பெயின்ட். நிறமி என்பது வெறும் பொடி. அதை ஏன் எண்ணெயில் குழைக்க வேண்டும்? சாக்பீஸைப் பொடித்து, அதில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு விரலால் குழைத்துப் பாருங்கள். பளீரென்ற வெள்ளை மறைந்து, மங்கலான, பாதி ஊடுருவித் தெரியும் பசையாகிவிடும். ஒளி காற்றிலிருந்து பொடிக்குள் நுழையும்போது திசை மாறிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெண்மை. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். எண்ணெயுடையது சுமார் 1.48. சாக்பீஸுடையதும் அதற்குப் பக்கத்தில்தான். இடையில் இருந்த காற்றை எண்ணெய் துரத்தியதும் ஒளிக்கு முட்டிக்கொள்ள இடமில்லை. நேராக உள்ளே போகிறது. ஈய வெள்ளை என்ற நிறமியின் எண் சுமார் 2, அதனால் எண்ணெயிலும் அது வெள்ளையாகவே நிற்கிறது. நிறமிகள் எண்ணெயில் ஆழமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்: ஒளி உள்ளே இறங்கி, நிறத்தில் நனைந்து, திரும்பி வருகிறது. ஈரமான கல் காய்ந்த கல்லைவிட அழகாக இருப்பது போல.

1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் உலோக டியூப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பெயின்ட்டைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் வந்த பிறகுதான் வயல் நடுவே நின்று தைல வண்ணம் தீட்டுவது எளிதானது. டியூப்பில் வரும் பெயின்ட் கெட்டி. கெட்டித் தயிரில் கரண்டியை இழுத்தால் வழிவிடும், நிறுத்தினால் அந்தத் தடம் அப்படியே நிற்கும், இல்லையா? தைல வண்ணமும் அதேதான். எண்ணெயில் மிதக்கும் நிறமித் துகள்கள் ஒன்றையொன்று லேசாகப் பற்றிக்கொண்டு வலை போல நிற்கின்றன. தூரிகை அழுத்தும்போது வலை அறுந்து பெயின்ட் ஓடுகிறது. தூரிகை எழுந்ததும் வலை மறுபடி பின்னிக்கொள்கிறது. பன்றி மயிர்த் தூரிகையின் ஒவ்வொரு முடியும் போட்ட பள்ளம், கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது, எல்லாம் பதிந்துவிடும். உணர்ச்சி தெரியும் ஓவியம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தடங்கள்தான். வாட்டர்கலரில் நிறம் தெரியும். கையின் அழுத்தம் இந்த அளவுக்குத் தெரியாது.

அந்தத் தடத்தை நூறாண்டுக்கும் மேல் பிடித்து வைத்திருப்பது, எண்ணெய் காயும் விதம். காய்வது என்ற சொல்லே இங்கே ஏமாற்றும். துணி காயும்போது நீர் ஆவியாகிறது. ஆளிவிதை எண்ணெயிலிருந்து அப்படி எதுவும் ஆவியாகிப் போய் அது காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு எடை கூடுகிறது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். ஆக்சிஜன் அங்கே கைவைத்ததும் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே வலையாக இறுகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெயில் இந்த இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, அதனால் அது எத்தனை ஆண்டானாலும் இப்படி இறுகாது. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் தெறித்த சமையல் எண்ணெய் சில மாதங்களில் சோப்புக்கும் மசியாத பிசுக்காக ஒட்டிக்கொள்கிறதே, அங்கே நடப்பது இதே வேதியியல்தான்.

இது மிக மெதுவான ஓர் எரிதல். வெப்பம் வெளியாகும். படம் வரைகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் எச்சரிக்கை இதுதான்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தனித்தனியாகக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மெதுவாகக் காய்வதில் ஓவியருக்குப் பெரிய லாபம் இருக்கிறது. இன்று போட்ட நிறம் நாளைக்கும் ஈரமாக இருக்கும். அதன் மேலேயே இன்னொரு நிறத்தை இழுத்து, பாதி கலந்தும் பாதி கலக்காமலும் விடலாம். பிடிக்கவில்லை என்றால் கத்தியால் வழித்துவிடலாம். மனசு மாறிக்கொண்டே இருப்பதற்கு அந்த எண்ணெய் அவகாசம் கொடுக்கிறது.

ஆனால் அடுக்குகளின் வரிசை தப்பினால் மன்னிக்காது. என் முதல் பெரிய கேன்வாஸில் இரவு வானத்தைக் கறுப்பில் கெட்டியாக அப்பினேன். மறுநாளே அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய வெள்ளையில் நிலா வெளிச்சம். பார்க்க அருமையாக இருந்தது. நான்காவது மாதம் நிலாவுக்குள் வறண்ட குளத்து மண் போல வெடிப்பு. எலும்புக்கரிக் கறுப்பு எண்ணெயை நிறையக் குடித்து மிக மெதுவாகக் காயும். மேலே போட்ட மெல்லிய பூச்சு சட்டென்று இறுகிவிட்டது, அடியில் இருந்தது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல் என்று ஓவியர்கள் சொல்லும் விதி இதற்குத்தான். எனக்கு அந்த விதி மனப்பாடமாகத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது.

சரி, வான்கோவின் சுவருக்கு வருவோம். ஊதாவை அவர் நீலமும் சிவப்பும் கலந்து உண்டாக்கினார். நீலம் கனிம நிறமி, அசையாது. சிவப்பு அப்படியல்ல. அது லேக் எனப்படும் வகை: கரையும் சாயத்தை நிறமற்ற பொடியில் ஏற்றிச் செய்தது. இந்தச் சாய மூலக்கூறுகள் ஒளியை விழுங்கித்தான் சிவப்பாகத் தெரிகின்றன. விழுங்கிய ஆற்றல் சில சமயம் மூலக்கூறையே உடைத்துவிடும். உடைந்தது மறுபடி ஒட்டாது. ஒவ்வொரு பகலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு போய்க்கொண்டே இருக்க, கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சியது. வெள்ளை நிறையக் கலந்த வெளிர் நிறத்தில் இது இன்னும் வேகம். சுவரோ வெளிர் ஊதா.

போன சிவப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சட்டகத்தின் விளிம்புக்கு அடியில், வெளிச்சம் படாத இடங்களில் பழைய நிறம் ஒளிந்திருக்கும். வான்கோ அடிக்கடி வாங்கிய ஜெரேனியம் லேக்கில் இயோசின் என்ற சாயம் உண்டு, அதில் புரோமின் இருக்கிறது. நிறம் போனாலும் புரோமின் அங்கேயே தங்கிவிடும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, புரோமின் எங்கே ஒளிர்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் சிவப்பு இருந்தது என்ற வரைபடமே கிடைத்துவிடும். அவருடைய மஞ்சளுக்கும் இதே போன்ற கதை உண்டு. ஈயக் குரோமேட் மஞ்சளில் சில வகைகள் வெளிச்சத்தில் பழுப்பாகின்றன. குரோமியம் ஆறாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்குவதே காரணம் என்று 2011இல் பிரான்சின் கிரெனோபிளில், மிக வலுவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் என்ற இயந்திரத்தில் சோதித்துக் காட்டினார்கள்.

அவருக்கு இது தெரியாததல்ல. இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற அன்றைய புதுப்பாணி ஓவியர்களால் புகழ் பெற்ற நிறங்கள் எல்லாமே நிலையற்றவை, அதனாலேயே அவற்றைத் துணிந்து, தணிக்காமல் பளீரென்றே பூச வேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும் என்று 1888 ஏப்ரலிலேயே தியோவுக்கு எழுதியிருக்கிறார். தெரிந்தேதான் பூசினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இது.

படுக்கையறைப் படத்துக்கு வெளிச்சத்துக்கு முன்பே தண்ணீரால் ஆபத்து வந்தது. அவர் மருத்துவமனையில் இருந்தபோது வீட்டருகே வெள்ளம். அடுப்பு மூட்டாத வீட்டின் சுவர்களில் ஈரம் கசிந்து உப்புப் பூத்தது. பெயின்ட் உரியத் தொடங்கியது. அதைச் சரிசெய்யும் முன் ஒரு நகல் எடுத்து வை என்றார் தியோ. 1889 செப்டம்பரில் சான் ரெமி மனநல விடுதியில் அதே அளவில் ஒன்றும், அம்மாவுக்கும் தங்கைக்குமாகச் சின்னதாக ஒன்றும் வரைந்தார். முதல் நகல் இப்போது சிகாகோவில், சின்னது பாரிஸில்.

போன கோடையில் நான் ஒரு சோதனை செய்தேன். லேக் வகையைச் சேர்ந்த அலிசரின் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், நிறைய வெள்ளை. மூன்றையும் குழைத்து வான்கோ சொன்ன வெளிர் ஊதாவுக்குக் கிட்டத்தில் ஒரு பட்டை. பக்கத்தில் அலிசரினுக்குப் பதில், எளிதில் வெளுக்காத இன்றைய சிவப்பு நிறமியான குவினாக்ரிடோன் சேர்த்து இன்னொரு பட்டை. இரண்டின் கீழ்ப்பாதியையும் அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒட்டினேன். தினமும் பார்த்தேன், எந்த மாற்றமும் தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் தாளை உரித்தேன். குவினாக்ரிடோன் பட்டையில் மேலும் கீழும் ஒரே நிறம். அலிசரின் பட்டையின் நடுவே மட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே ஊதா, மேலே சாம்பல் கலந்த நீலம்.