ஃபுல் ஆக்சஸ்: முழு அனுமதியா, முழு அணுகலா?

ஐபோன்ல வெளி கீபோர்ட் (ஆப்பிள் இல்லாம வேற யாராவது செஞ்ச கீபோர்ட் ஆப்) ஏதாவது போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள கீபோர்ட், மறுபடி கீபோர்ட்ஸ், அங்க அந்த கீபோர்ட் பேரைத் தொட்டா "அலோ ஃபுல் ஆக்சஸ்"னு ஒரு பட்டன் ஆஃப்ல கிடக்கும். ஆன் பண்ணப் போனா, நீங்க டைப் பண்றது எல்லாமே, இதுல முன்னாடி டைப் பண்ணதும் சேர்த்து, கிரெடிட் கார்ட் நம்பர் வரைக்கும் கீபோர்ட் செஞ்சவங்க கைக்குப் போகலாம்னு ஒரு எச்சரிக்கை வந்து நிக்கும்.

இதை நிறைய பேர் "முழு அனுமதி"னு எழுதுறாங்க. அது சரியில்லன்னுதான் எனக்குப் படுது. ஆக்சஸ் லத்தீன்லேர்ந்து வந்தது, கிட்டப் போறதுன்னு அர்த்தம், நம்ம "அணுகு" அப்படியே பொருந்துது. அப்போ ஃபுல் ஆக்சஸ்னா முழு அணுகல், அதுக்கு முன்னாடி நிக்கிற அலோ மட்டும்தான் அனுமதி.

அனுமதி வடசொல், தமிழ்ல வேணும்னா இசைவு. பெர்மிஷன்ங்கிற லத்தீன் சொல்லுக்குள்ள "விடு"ங்கிற அர்த்தம் இருக்கு, நம்மகிட்டயும் விடுவுலேர்ந்து வந்த "விடை"க்கு அனுமதிங்கிற பொருள் உண்டு (விடை பெற்றுச் சென்றார்), ஆனா இன்னிக்கு செட்டிங்ஸ்ல விடைன்னு போட்டா பரீட்சை ஞாபகம்தான் வரும். என் ஓட்டு இசைவுக்கு, ஏன்னா இங்க ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும். கீபோர்ட் செய்ற டெவலப்பர், ஆப்போட அமைப்பு விவரம் இருக்கிற இன்ஃபோ பிளிஸ்ட்ங்கிற ஃபைல்ல ரிக்வெஸ்ட்ஸ்ஓப்பன்ஆக்சஸ்ங்கிற வரியை ட்ரூன்னு மாத்தணும், இல்லன்னா அது ஃபால்ஸ்தான், ஆனா மாத்திட்டா மட்டும் ஒண்ணும் கிடைச்சிடாது, நீங்க பட்டனைத் தட்டுற வரைக்கும் கீபோர்டுக்கு நெட் கிடையாது, நீங்க காப்பி பண்ணி வெச்ச கிளிப்போர்ட் கிடையாது. தட்டிட்டீங்களான்னு கீபோர்ட் தெரிஞ்சுக்க ஐஓஎஸ் 11லேர்ந்து, கோட்ல கேட்டுப் பார்க்கிற மாதிரி ஹாஸ்ஃபுல்ஆக்சஸ்னு ஒண்ணு இருக்கு.

கவனிச்சீங்களா, டெவலப்பர் பக்கம் "ஓப்பன்", யூசர் பக்கம் "ஃபுல்", ரெண்டும் ஒரே சமாச்சாரம். ஆனா "திறந்த அணுகல்"னு பெயர்க்காதீங்க, அது ஏற்கனவே ஆய்விதழ்களுக்குப் புழங்குற பேரு. "முழு"ங்கிறதும் கொஞ்சம் ஓவர்தான், 2014ல ஐஓஎஸ் 8ல வெளி கீபோர்டை விட்டப்பவே பாஸ்வேர்ட் கட்டத்துல அதுக்கு இடம் கிடையாதுன்னு வெச்சுட்டாங்க, அங்க ஆப்பிளோட கீபோர்ட்தான் வரும்.

ஆண்ட்ராய்ட்ல இந்த பட்டனே இல்ல, கீபோர்டை ஆன் பண்றப்போ ஒரு எச்சரிக்கை காட்டும், இன்டர்நெட் பெர்மிஷனை உங்ககிட்ட கேக்கவே கேக்காது. அங்க தமிழ் மெனுல "அணுகல்தன்மை"னு ஒண்ணு பார்த்தா இதுதான்னு நினைச்சுடாதீங்க, அது ஆக்சஸிபிலிட்டி, பார்வைக் குறைபாடு மாதிரி இருக்கிறவங்களுக்கான வசதி.