கலோரியைக் குறைக்கும்போது கல்லீரலில் என்ன நடக்கிறது?

கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்துவிட்டது, என்ன சாப்பிடுவது என்று கேட்டு வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். இப்போது இன்னொரு வகையினரும் வருகிறார்கள். இவர்கள் ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைத்தவர்கள். வாயில் போடும் ஒவ்வொன்றையும் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறவர்கள். எடை நன்றாக இறங்கியிருக்கும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும், அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி வந்து பித்தக்கல் என்று தெரிந்திருக்கும். "கலோரியை ஒருநாள்கூட மீறவில்லையே, பிறகு ஏன்?" என்று உடைந்துபோய்க் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதிக எடையும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவருக்கு, கலோரியைக் குறைப்பதைப் போல் பலன் தரும் வைத்தியம் அதிகம் இல்லை. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரலில் உள்ள கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியிருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருந்தது. கல்லீரல் தழும்பு பின்வாங்கும் என்பதே ஒருகாலத்தில் நம்ப முடியாத செய்தி.

வேகமும் ஆச்சரியப்படுத்தும். இங்கிலாந்தின் நியூகாசிலில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. உடலின் மற்ற இடங்களில் உள்ள கொழுப்பு அதிகம் கரைவதற்கு முன்பே கல்லீரல் கொழுப்பு வெளியேறத் தொடங்கிவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தச் செய்தியைப் படிப்பவர்கள் 600 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 11 பேருக்கும் கொடுத்தது புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது எல்லாம் அளந்து தயாரித்த பானம். அதோடு காய்கறி. எட்டு வாரமும் மருத்துவர்களின் கண்காணிப்பு இருந்தது. வீட்டில் ஒருவர் ஒரு கிண்ணம் பழமும் இரண்டு தம்ளர் ஜூஸும் குடித்து 600 கலோரியில் நிறுத்தினால், கணக்கு ஒன்றுதான். கல்லீரலுக்குப் போய்ச் சேருவது ஒன்றல்ல.

ஏன் என்று பார்ப்போம். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றுவது கல்லீரல். அதன் சேமிப்பில் சுமார் 100 கிராம் கிளைகோஜன், அதாவது சேர்த்து வைத்த சர்க்கரை, இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி இருந்தால் அது ஏறக்குறைய காலி. அதற்கு முன்பே உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை நோக்கி வரத் தொடங்கும். வந்ததில் ஒரு பகுதியைக் கல்லீரல் எரிக்கும், ஒரு பகுதியைக் கீட்டோன் என்ற எரிபொருளாக மாற்றி மூளைக்கும் தசைக்கும் அனுப்பும். மிச்சத்தைப் புரதமும், கோலின் என்ற ஊட்டச்சத்து சார்ந்த கொழுப்பும் சேர்ந்த உறைக்குள் பொதிந்து ரத்தத்தில் ஏற்றிவிடும். கொழுப்பு எண்ணெய் அல்லவா, உறை இல்லாமல் ரத்தத்தில் பயணிக்காது. உறைக்கான பொருள் போதவில்லை என்றால் உள்ளே வந்த கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும்.

புரதம் மிகக் குறைந்த உணவில் வளரும் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தசை மெலிந்திருக்கும், ஆனால் கல்லீரல் கொழுப்பு நிறைந்து வீங்கியிருக்கும். அது மிகக் கொடிய வறுமையின் நோய். வசதியாக வாழ்ந்து டயட் செய்கிறவர்களுக்கு அந்த நிலை வருவதில்லை. ஆனால் அடிப்படை ஒன்றே: பட்டினியாலும் கல்லீரலில் கொழுப்பு சேரலாம். என்னிடம் வருகிறவர்களில் இதைக் கேட்டுத் திகைக்காதவர் அரிது.

அதனால் டயட்டில் இருப்பவரிடம் நான் முதலில் பார்ப்பது கலோரியை அல்ல, புரதத்தை. எடை குறைக்கும் காலத்தில் சிறுநீரகப் பிரச்சினை இல்லாத ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ எடை என்றால் நாளுக்கு 70 முதல் 84 கிராம். செயலியில் கலோரிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் புரதப் பக்கத்தையும் திறந்து பாருங்கள் என்பேன். பலருக்கு அங்கே 30, 35 என்றுதான் இருக்கும். குறைத்த சாப்பாட்டில் முதலில் காணாமல் போவது புரதம்தான்.

கோலினும் அப்படித்தான். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1998இல் இதற்கு அளவு வகுத்தது: ஆணுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம், பெண்ணுக்கு 425. ஒரு முட்டையில் சுமார் 145 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ எல்லாமே மஞ்சள் கருவில். கொழுப்புக் கல்லீரல் என்றதும் மஞ்சள் கருவை எடுத்தெறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கொலஸ்ட்ராலுக்காக மருத்துவர் தனியாகத் தடை போட்டிருந்தால் சரி, இல்லையென்றால் நாளுக்கு ஒரு முழு முட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். முட்டை சாப்பிடாதவர்கள் சோயா, பால், பயறு வகைகள், காலிஃப்ளவர், பிராக்கோலி என்று பலவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பித்தப்பை. கல்லீரலைப் பற்றிப் பேசும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள், ஆனால் வேகமாக எடை குறைப்பவருக்கு முதலில் அடி விழுவது பெரும்பாலும் இங்கேதான். உடல் கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளும். இன்னொரு பக்கம், சாப்பாட்டில் கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிக் காலியாகும். நீங்கள் எண்ணெயைத் தொடாமல், ஒரு வேளையையும் விட்டுவிட்டால் பித்தநீர் உள்ளேயே தேங்கிக் கெட்டியாகும். கொலஸ்ட்ரால் நிறைந்த நீர், தேங்கிய பை. கல் உருவாக வேறென்ன வேண்டும்?

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பித்தக்கல் ஆபத்து வேகமாக ஏறுகிறது. நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவில் இருப்பவர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே கல் தெரியும். அதனால் வாரத்துக்கு அரைக் கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தினமும் ஒரு வேளையாவது 7 முதல் 10 கிராம் கொழுப்பு சேர்ந்த உணவு வேண்டும். அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அல்லது ஒரு சிறு கைப்பிடி கொட்டைப் பருப்பு. கண்டிப்பாக வேகமாகக் குறைத்தே ஆக வேண்டிய நிலை என்றால், கல் உருவாகாமல் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

ஜூஸ் டயட் பற்றியும் சொல்ல வேண்டும். பழச்சாற்றின் சர்க்கரையில் கணிசமான பங்கு ஃப்ரக்டோஸ். அது ஏராளமாக வந்தால் கல்லீரலே அதைக் கொழுப்பாக மாற்றும். பழத்தை மென்று தின்னும்போது நார்ச்சத்து இருக்கிறது, வயிறும் நிரம்புகிறது. சாறாகப் பிழிந்தால் நாலு பழம் ஒரே தம்ளரில் இறங்கிவிடும். 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' என்று எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் எப்சம் உப்பும் கலந்து குடிக்கச் சொல்கிறார்களே, மறுநாள் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளைப் பித்தக்கல் என்று நம்பிப் படமெடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாக மாறியது. உண்மையான கல் உள்ளேயே இருக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மாத்திரைகள். பச்சைத் தேநீர் குடிப்பதில் பிரச்சினை இல்லை. அதன் சாரத்தைச் செறிவாக்கிக் குப்பியில் அடைத்து விற்கும் எடைக் குறைப்பு மாத்திரைகளில்தான் பிரச்சினை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்து, மாத்திரை வடிவில் பச்சைத் தேநீரில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்வதாகச் சொன்னது. இதைக் காலி வயிற்றில் விழுங்கினால் உடலில் சேரும் அளவு இன்னும் கூடும். டயட்டில் இருப்பவர் காலி வயிற்றில்தானே இருப்பார்! மூலிகை என்ற சொல்லைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

பாராசிட்டமாலும் அப்படி. சாதாரண அளவில் மிகப் பாதுகாப்பான மருந்து. அதிலிருந்து கல்லீரலில் உண்டாகும் ஒரு நச்சைக் குளூட்டதயோன் என்ற பொருள் முறிக்கிறது. பல நாட்கள் சரியாகச் சாப்பிடாதவரின் கல்லீரலில் இந்தக் குளூட்டதயோன் குறைந்திருக்கும். பட்டினித் தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்லும் 4 கிராம் உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். குறைந்த அளவே போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மதுவைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. இரவு குடிப்பதற்காகப் பகலில் சாப்பாட்டைக் குறைத்துக் கலோரியைச் சரிக்கட்டுவதாகச் சிலர் சொல்கிறார்கள். கல்லீரலைப் பொறுத்தவரை இதைவிட மோசமான பரிமாற்றம் இல்லை.

இன்னொரு வகைப் பயமும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்த இரண்டாம் மூன்றாம் நாள் சிலருக்குக் கண் லேசாக மஞ்சளாகும். பரிசோதித்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மட்டும் உயர்ந்திருக்கும், மற்ற எல்லாம் சரியாக இருக்கும். இவர்களில் பலருக்குக் கில்பர்ட் நிலை என்ற பிறவித் தன்மை இருக்கும். மக்களில் 5 சதவீதம் பேர் அளவில் இது இருக்கிறது. பட்டினி இருந்தால் பிலிருபின் ஏறும், சாப்பிட்டால் இறங்கும், கல்லீரலுக்குச் சேதம் எதுவும் இல்லை. ஆனால் இது கில்பர்ட்தான் என்று நீங்களாக முடிவு செய்துவிடக் கூடாது. மஞ்சளோடு சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, மலம் வெளுத்தாலோ, காய்ச்சல், வலி, வாந்தி இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டயட் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. வேகமாக எடை இறங்கும் முதல் வாரங்களில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்குவதுண்டு. கடுமையாக எடை தூக்கிப் பயிற்சி செய்தாலும் ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதி ஏறும். அது தசையிலிருந்து வருவது. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களுக்குக் கடும் பயிற்சி வேண்டாம். நொதிகள் இயல்பாக இருப்பதால் மட்டும் கொழுப்பு இல்லை என்று ஆகிவிடாது. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ரத்தத் தட்டணுக்கள் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று ஊகிக்க அது உதவும். மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எடை சரியாக இருக்கும்போதே நீண்ட ஆயுளுக்காகக் கலோரி குறைப்பவர்களுக்கு ஒரு தகவல். கலரி என்ற அமெரிக்க ஆய்வில், உடல் பருமன் இல்லாத 218 பேரில் ஒரு பிரிவினரிடம் இரண்டு ஆண்டுகள் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். ஆலோசகர்கள், வைட்டமின் மாத்திரை, தொடர் பரிசோதனை என்று எல்லா உதவியும் இருந்தும் சராசரியாக அவர்களால் குறைக்க முடிந்தது சுமார் 12 சதவீதம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 240 கலோரி. அந்தக் குறைப்புக்கே இதய நலக் குறியீடுகள் மேம்பட்டன, எலும்பு அடர்த்தியோ சற்றுக் குறைந்தது. தனியாக வீட்டில் பாதியாகக் குறைக்கத் துணிகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மெலிந்த உடலை மேலும் மெலியவைத்தால் ஒரு கட்டத்தில் கல்லீரல் செல்கள் தம்மையே தின்னத் தொடங்கும், ஏ.எல்.டி. எகிறும். அப்போது மருந்து உணவுதான். அதையும் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. இவர்களை எல்லாம்விடக் கவனமாக இருக்க வேண்டியவர்கள் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) வந்தவர்கள். அவர்களின் கல்லீரலில் கிளைகோஜன் சேமிப்பு மிகக் குறைவு. ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கி எழுந்தாலே, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி இருந்த நிலைக்கு அவர்கள் உடல் போய்விடும், தசையைக் கரைத்துச் சர்க்கரை தயாரிக்கும். பொதுவாக அவர்களுக்குத் தேவை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு, படுக்கும் முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஒரு சிற்றுணவு. உடல் பருமனும் இருந்தால்கூட, எடைக் குறைப்பு மருத்துவமனைக் கண்காணிப்பில்தான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து டயட் தொடங்கும்போது நோயுற்றவரையும் அன்போடு சேர்த்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் இரவுச் சாப்பாட்டை விட்டாலும், அவருக்கு மட்டும் படுக்கும் முன் ஏதாவது கொடுங்கள்.