தொந்தரவு இல்லாதபோது எதற்கு மலப் பரிசோதனை?

"வயிற்று வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. ஐம்பது வயதாகிவிட்டது என்பதற்காக மலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆமாம், கொடுக்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க, தொந்தரவு இல்லாத காலத்துக்காகவே உருவான பரிசோதனை இது.

பெருங்குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர, புதியவை வருகின்றன. ஏபிசி (APC) என்ற மரபணு இந்தப் பெருக்கத்துக்குக் கடிவாளம். அது பழுதானால் செல்கள் குவிந்து, பாலிப் என்னும் சிறு மொட்டு முளைக்கும். பெரும்பாலான பாலிப்கள் புற்றுநோயாவதில்லை. ஆகிறவையும் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அத்தனை காலமும் வலி இருக்காது. பெரிய பாலிப்களில் மலம் உரசும்போது அவ்வப்போது ரத்தம் கசியும், அவ்வளவுதான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு.

அந்தத் துளியை எப்படிப் பிடிப்பது? பழைய முறையில், ஒரு மரப்பிசின் தடவிய அட்டையில் மலத்தைப் பூசி, மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள் அந்த வினையைத் தூண்டிவிட, அட்டை நீலமாகும். சிக்கல் என்னவென்றால், ஹீம் யாருடையது என்று அட்டைக்குத் தெரியாது. முந்தின நாள் தின்ற ஆட்டிறைச்சியும் நீலம் காட்டும். முள்ளங்கியில் உள்ள ஒரு நொதிகூடக் காட்டும்.

இப்போதைய முறை ஹீமை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் குளோபின் என்ற புரதத்தைத் தேடுகிறது. மனித குளோபினை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இதில் உண்டு. ஆட்டின் குளோபினில் அமினோ அமில வரிசை வேறு என்பதால் அவை அதைச் சட்டை செய்யாது. ஆகவே பத்தியமும் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்ததுதான். இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால், குளோபினும் ஒரு புரதம்தானே, சிறுகுடலைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும். பெருங்குடலில் கசிகிற ரத்தமோ செரிமானம் முடிந்த பிறகு கலக்கிறது, அதனால் முழுசாக வந்து சேர்கிறது. ரத்தம் இருக்கிறதா என்று கேட்டால், எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது!

நீங்கள் செய்ய வேண்டியது, குச்சியால் மலத்தின் மேல்பரப்பைச் சில இடங்களில் வருடி, குச்சியைத் திரவமுள்ள குழாயில் செருகி மூடுவது மட்டுமே. இதற்கு வெட்கப்பட்டு உயிரைப் பணயம் வைப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. புதுப் புது மருந்துகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, மக்களை இந்தக் குச்சியை எடுக்க வைப்பது எப்படி என்ற ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சரி, ரத்தம் இருப்பதாக வந்தால்? உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மூல நோயாகவும் இருக்கலாம். ஆனால் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தே ஆகவேண்டும். மூலம் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு விட்டுவிடக் கூடாது. பாலிப் தென்பட்டால், அந்தக் கேமராக் குழாய் வழியாகவே ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கை நுழைத்து, அதன் கழுத்தில் மாட்டி, இறுக்கி அறுத்தெடுப்பார்கள். 1969 முதல் நடக்கிற வேலை இது. புற்றுநோயாக மாறியிருக்கக்கூடிய ஒன்று அங்கேயே அகன்றுவிடுகிறது.

ரத்தம் இல்லை என்று வந்தால் அடுத்த ஆண்டும் அல்லது மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். பாலிப் தினமும் கசியாது, அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் இன்னும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் குச்சியும் குழாயும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.