ஆடிப் பண்டிகை பேஸும் வீட்டு மூலையும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாரியம்மன் பண்டிகைக்கு மைக்செட்காரர் தெருவில் நாலு பெட்டியை அடுக்கினால் நெஞ்சு அதிர்கிறது. என் வீட்டில் 500 வாட்ஸ் சப்-ஊஃபர் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறதே தவிர, பாட்டில் அடி விழவில்லை. அவருடைய பெட்டி மாதிரி நானே செய்துகொள்ள முடியுமா?"

முடியும். அந்தப் பெட்டிகளில் பலவும் ஹார்ன் பெட்டிகள். ஊஃபர், அதாவது பேஸ் என்ற தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஸ்பீக்கர், வெளியே தெரியாது. உள்ளே எங்கோ உட்கார்ந்திருக்கும். ஒலி மடிந்து மடிந்து விரிகிற ஒரு பாதை வழியாக வெளியே வரும். முன்பு தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் இதே குடும்பம்தான். அது கிறீச்சிட்டது, இது இடிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் அளவில் மட்டுமே.

காந்தம், சுருள், கூம்பு எல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். பாடத்தில் வராத ஒன்று உண்டு: சாதாரணப் பெட்டியில் 500 வாட்ஸ் கொடுத்தால் ஒலியாக மாறுவது 5 வாட்ஸ் அளவுதான். மீதியெல்லாம் சுருளைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச சக்தி) வாட்ஸை நம்புவது ராசிக்கல்லை நம்புவதற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அத்தனை சக்தியும் ஏன் வீணாகிறது? சேலத்து வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். பேஸுக்கு 40 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த அலையின் நீளம் 8.75 மீட்டர். கூம்பு ஒருமுறை முன்னே தள்ள 12.5 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. 15 அங்குல ஊஃபரின் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்தம் போய்ச்சேர அரை மில்லிசெகண்ட் போதும். அதாவது, கூம்பு தள்ளி முடிப்பதற்கு வெகு முன்பே காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. வாளித் தண்ணீரில் உள்ளங்கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். நீர் விரலோரமாக வழிந்து பின்னால் போகும், அலை எழும்பாது. அதேதான் இங்கும். கூம்பு காற்றை அலசுகிறது, அழுத்துவதில்லை. அழுத்தம் இல்லையென்றால் ஒலி இல்லை.

காற்று நழுவாமல் இருக்க என்ன செய்யலாம்? கூம்புக்கு முன்னால் ஒரு குழாயை வைக்கலாம். பக்கத்தில் சுவர் இருப்பதால் காற்று முன்னேதான் போயாக வேண்டும், அழுத்தம் உண்டாகும். குழாயைக் கூம்பைவிடக் குறுகலாக்கினால் அழுத்தம் இன்னும் கூடும். சரி, குழாய் முடிகிற இடத்தில் என்ன ஆகும்? குறுகலான குழாய் திடீரென்று திறந்தவெளியில் முடிந்தால் அலையின் பெரும்பகுதி அந்தத் திறப்பிலேயே முட்டித் திரும்பிவிடும். அந்தத் திரும்பலால்தான் புல்லாங்குழலில் சுரம் நிற்கிறது. நமக்கோ அது வேண்டாத வேலை. ஆகவே குழாய் முடிவதே அலைக்குத் தெரியக்கூடாது. குழாய் மெல்ல மெல்ல விரிய வேண்டும்.

எவ்வளவு மெல்ல? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மெல்ல என்பதை அலைநீளத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரே விரிவு 200 ஹெர்ட்ஸுக்கு நிதானமான சரிவாக இருக்கும்; எட்டே முக்கால் மீட்டர் நீளமுள்ள அலைக்கு அது திடீர்ப் பள்ளம். ஆகவே ஒவ்வொரு விரிவு வேகத்துக்கும் ஒரு வெட்டு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே ஹார்ன் எதையும் கடத்தாது. ஆர்தர் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1919-ல் வெளியிட்ட சமன்பாட்டிலிருந்து இதைக் கணக்கிடலாம். 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் பாதையின் பரப்பு 48 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்கலாம், அதைவிட வேகமாகக் கூடாது. 20 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 96 செ.மீ.

ஹார்ன் விரிந்து முடியும் திறப்புக்கு வாய் என்று பெயர். அதன் பரப்பும் அலைநீளத்தைப் பொறுத்ததே. திறந்தவெளியில் 40 ஹெர்ட்ஸுக்கு 6 சதுர மீட்டர் வாய் தேவை. யார் வீட்டில் இடம் இருக்கிறது? பெட்டியைத் தரையில் வைத்தால் ஒலி பாதி வெளியில்தான் பரவும். 3 சதுர மீட்டர் போதும். தரையும் இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.76 சதுர மீட்டர். அறையின் சுவர்களே ஹார்னின் தொடர்ச்சியாகிவிடுகின்றன. பால் கிளிப்ஷ் 1946-ல் கொண்டுவந்த மூலை ஹார்ன் இந்தத் தந்திரத்தில்தான் நிற்கிறது. கனமானதைக் கன்னிமூலையில் வை என்பார் வாஸ்துக்காரர். 40 ஹெர்ட்ஸ் அலைக்குத் திசை தெரியாது. ஈசானிய மூலையும் அதற்கு ஒன்றுதான்.

மைக்செட்காரர் நாலு பெட்டியை ஒட்டி அடுக்குவதற்கும் காரணம் இதுவே. தனிப்பெட்டியின் வாய் பேஸுக்குப் போதாது. நாலு வாயும் சேர்ந்தால் ஒரே பெரிய வாய்.

இனி வீட்டுக் கணக்கு. 15 அங்குலக் கூம்பின் பரப்பு சுமார் 850 சதுர செ.மீ. தொண்டையை, அதாவது ஹார்ன் தொடங்கும் குறுகலான இடத்தை, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக 400 வைத்துக்கொள்வோம். 400, 800, 1600, 3200, 6400 என்று நாலு இரட்டிப்பு. மூலைக்கு வேண்டிய 7600-ஐத் (0.76 சதுர மீட்டர்) தொட இன்னும் கொஞ்சம். மொத்தம் இரண்டு மீட்டர் சொச்சம் நீளப் பாதை. அதை மடித்து வைக்கலாம். இவ்வளவு நீள அலை வளைவுகளைப் பொருட்படுத்தாது. 120 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வேறு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டால் போதும். வளைந்த பலகையும் வேண்டாம், நேர்ப்பலகைகளைக் கோணத்தில் வைத்தாலே நடக்கும்.

கூம்புக்குப் பின்னால் காற்றுப் புகாத ஓர் அறை வேண்டும். வெட்டு அதிர்வெண்ணை நெருங்கும்போது தொண்டைக் காற்று ஒரு கனமான நிறைபோல நடந்துகொள்ளும். பின்னறையில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். நிறையும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று ரத்து செய்யும்படி அளவெடுத்தால் கூம்புக்குத் தெரிவது ஒலியின் சுமை மட்டும்தான். தொண்டைப் பரப்பு, இரட்டிப்பு நீளம், 2.9 மூன்றையும் பெருக்கினால் இங்கே சுமார் 56 லிட்டர் வரும். ஊஃபருக்கென்று சொந்த விறைப்பும் உண்டு, அதனால் அறை சற்றுப் பெரிதாக இருக்கலாம்.

இத்தனைக்கும் பலன்: கொடுக்கும் சக்தியில் ஒலியாக மாறுவது பத்து சதவீதத்தைத் தாண்டும். அதே ஒலிக்குக் கூம்பு கொஞ்சம் அசைந்தால் போதும். அசைவு குறைந்தால் சிதைவு குறையும், பேஸ் சுத்தமாகும்.

கடைசி வருட புராஜெக்ட் என்று கோட்டைப் பின்தொடரும் ரோபோவையே திரும்பத் திரும்பச் செய்யும் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இது எவ்வளவோ மேல். நாலு பிளைவுட் பலகைக்கும் ஓர் அளவீட்டு மைக்குக்கும் கல்லூரிகள் பணம் ஒதுக்கினால் குறைந்துபோய்விடாது. ஹார்னைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருளும் இலவசம்தான்.

ஏற்காட்டில் வேறு கணக்கா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பம், அழுத்தம் அல்ல. 18 டிகிரி இரவில் வேகம் 342 மீட்டராகும். ஹார்னின் வெட்டு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸிலிருந்து 39 ஆகும். காது கண்டுபிடிக்காது.

ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட் என்று அடித்துச் சொல்லுங்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மழைக்கால ஈரத்தில் ஊதிவிடும். ஊஃபருக்குப் பெரிய காந்தமும் விறைப்பான கூம்பும் வேண்டும். காருக்கான கனத்த கூம்பு இதற்கு ஒத்துவராது. ஒட்டி முடித்ததும் பின்னறையின் ஒவ்வொரு இணைப்பருகிலும் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தபடி 30 ஹெர்ட்ஸ் சுரத்தை மெலிதாக ஓடவிடுங்கள். புகைக்கோடு நேராக எழுந்தால் சரி. எங்கே துடித்துச் சிதறுகிறதோ அங்கே சிலிகான் தடவுங்கள். அப்புறம், ஆம்பிளிஃபயரில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போடாமல் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். அந்த எல்லைக்குக் கீழே ஹார்னின் சுமை கூம்பைத் தாங்காது. பின்னறைக் காற்று மட்டும்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.