விசைப்போலி

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. ஆனாலும் நோட்பேடில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, மெனு திறக்கிறது, கோப்பு சேமிக்கப்படுகிறது. பின்னணியில் ஒரு பேட்ச் கோப்பு, அதாவது விண்டோஸுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்குக் கீஸ்ட்ரோக் சிமுலேஷன் என்று பெயர். நான் விசைப்போலி என்று எழுதுகிறேன். 'போலி' என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

முதலில் பேட்ச். இது அடுப்படியிலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ரொட்டி சுடுவதைக் குறித்த வினையிலிருந்து பிறந்து, ஒரே தடவையில் சுட்டெடுக்கும் ரொட்டிகளுக்குப் பெயரானது. பின்னாளில், தகவலைத் துளைகளாகப் பதிந்த துளையட்டைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கணினிக்கு ஊட்டியபோது, அந்த அடுக்கும் பேட்ச் ஆயிற்று. தமிழில் 'தொகுதி' என்று எழுதுகிறோம். தேர்தல் நேரத்தில் 'தொகுதிக் கோப்பு' என்று படித்தால் வாக்காளர் பட்டியல்தான் நினைவுக்கு வரும். நம் அடுப்படியிலேயே இதற்குச் சரியான சொல் இருக்கிறது: ஈடு. 'இரண்டு ஈடு இட்லி வார்த்தாயிற்று' என்கிறோமே, அந்த ஈடு. கெடு கேடாவதுபோல், சுடு சூடாவதுபோல், இடு ஈடாகிறது. ஒரு தடவைக்கு இட்டது ஈடு. 'ஈட்டுக் கோப்பு' என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. உலகம் ஏற்கும்வரை 'பேட்ச் கோப்பு' என்றும் எழுதுகிறேன்.

கீ என்பதைச் சாவி என்று பெயர்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், நல்லது. சாவி போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல், பூட்டுக்குப் பொருந்தும். துப்பாக்கியில் விரல் பட்டதும் விடுபடும் விசைதான் விசைப்பலகைக்கும் பொருந்துகிறது.

சிக்கல் சிமுலேஷனில்தான். 'ஒத்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது அது. இதை 'உருவகப்படுத்தல்' என்றால் அணியிலக்கண வகுப்புக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறது. 'பாவனை' என்றால் இலங்கைத் தமிழருக்குப் பயன்பாடு என்றே பொருள். அங்கே பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். மிச்சமிருப்பது போலி. போலி மருத்துவர், போலி நகை என்று செய்தித்தாள்கள் அதைக் கெடுத்து வைத்திருக்கின்றன. ஆனால் பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். அறம் என்பது அறன் ஆகிறது. மஞ்சு, மைஞ்சு ஆகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. அதற்குப் பெயர் போலி. அங்கே ஏமாற்று எதுவும் இல்லை, பதிலாக நின்று அதே வேலையைச் செய்வதுதான் உண்டு. விரல் அழுத்தவேண்டிய இடத்தில் நிரல் வந்து நிற்பதும் அப்படித்தான்.

ஒப்புமை இன்னும் கொஞ்சதூரம் போகிறது. அறன் என்று கேட்பவர் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மகரம் போய் னகரம் வந்ததை இலக்கணக்காரர்தான் கவனிப்பார். விண்டோஸிலும் நோட்பேடு போன்ற நிரலுக்கு எழுத்து வந்தால் போதும். அடிமட்டத்தில் நின்று விசைகளை உற்றுக்கேட்கும் நிரலுக்கு மட்டும், 'இது புகுத்தப்பட்டது' என்ற குறி தெரியும்.

பேட்ச் மொழிக்கென்று விசை அனுப்பும் கட்டளை கிடையாது, இரவல்தான் வாங்கவேண்டும். விண்டோஸில் சிறு நிரல்களை ஓட்டித்தரும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் விசை அனுப்பும் 'சென்ட்கீஸ்' பழைய வழி. அதற்கான விபிஸ்கிரிப்ட் மொழியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல்லிலும் சென்ட்கீஸ் உண்டு. இதே வேலைக்குத் தனிக் கருவிகளும் உண்டு: 1999-இல் ஆட்டோஇட், 2003-இல் ஆட்டோஹாட்கீ வந்தன, லினக்ஸில் எக்ஸ்டூடூல்.

போலி விசைக்கு முகவரி கிடையாது. எந்தச் சாளரம் முன்னால் நிற்கிறதோ அதில் போய் விழும். ஒருமுறை கணக்கு நிரலுக்குள் தொகைகளை உள்ளிட ஒரு கோப்பு எழுதி ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். இடையில் அரட்டைச் சாளரம் ஒன்று முன்னால் வந்திருக்கிறது. நாற்பது தொகைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் என்டர். மேலாளருக்கு நாற்பது செய்திகள். ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் உரிய சாளரத்தை அழைத்து நிறுத்த அன்றுதான் கற்றுக்கொண்டேன். நிர்வாகி உரிமையோடு ஓடும் சாளரத்தை அழைத்தும் பயனில்லை. சாதாரண உரிமையில் ஓடும் நிரலின் விசையை விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸ் அங்கே விடுவதில்லை.

சென்ட்கீஸுக்கு + என்றால் ஷிப்ட், ^ கன்ட்ரோல், % ஆல்ட், ~ என்டர். பேட்ச் கோப்புக்குள்ளிருந்தே விபிஸ்கிரிப்ட் வரிகளை எழுதிவைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். பேட்ச் மொழியில் % மாறிகளுக்கு, அதாவது மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயர்களுக்கு, உரியது. தனியாக நிற்கும் ஒரு % குறியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சாளரத்தை மூட ஆல்ட்டோடு எஃப்4 அனுப்பியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போய்ச் சேர்ந்தது வெறும் எஃப்4. %% என்று இரட்டித்து எழுதுங்கள்.