வீட்டு சோப்புக்கும் உரிமம் வேண்டும்: அழகுசாதன விதிகள் என்ன சொல்கின்றன?

குப்பைமேனி சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, பீட்ரூட் லிப் பாம் என்று சமையலறையில் தொடங்கி இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் இன்று நிறையப் பேர். “எல்லாம் இயற்கைப் பொருள்தானே, இதற்கு எதற்கு லைசென்ஸ்?” என்று கேட்கிறார்கள். விற்பதற்காகத் தயாரித்தால் வேண்டும், மாதம் 50 கட்டிதான் போட்டாலும் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவோ ஜிஎஸ்டி எண்ணோ இதற்கு ஈடாகாது.

முன்பு இதெல்லாம் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளுக்குள்ளேயே கலந்து கிடந்தது. 2020 டிசம்பரில்தான் ‘அழகுசாதனப் பொருள் விதிகள், 2020’ தனியாக வந்தது. உரிமம் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சொந்த இடத்தில் தயாரித்தால் சிஓஎஸ்-8 படிவத்தில் கிடைக்கும். இடம், கருவி, சுத்தம், மேற்பார்வைக்குத் தகுதியான ஆள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். குடியிருக்கும் வீட்டின் அடுப்படியில் இதெல்லாம் தேறுவது கடினம்.

அப்புறம் என்ன வழி? லோன் லைசென்ஸ். பெயரைக் கேட்டு வங்கிக் கடன் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் உங்கள் பொருளைத் தயாரித்துக்கொள்ள உங்கள் பெயருக்கே தரப்படும் உரிமம் இது, படிவம் சிஓஎஸ்-9. முதல் போட்டுக் கூடம் கட்ட முடியாதவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

லேபிளில்தான் பலர் சறுக்குகிறார்கள். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, நிகர அளவு எல்லாம் இருக்க வேண்டும். சேர்மானங்களை அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். தேங்காய் எண்ணெயே பெரும்பங்கு என்றால் அதுதான் முதலில் வரும், குங்குமப்பூ அல்ல. ‘ஏழே நாளில் வெள்ளையாகலாம்’ போன்ற பொய் வாக்குறுதிக்கும் விதியில் இடமில்லை.

எனக்குப் பெரிய கவலை பாதரசம். நிறத்தைச் சட்டென்று மாற்றிக் காட்டும் சில கிரீம்களில் இதைச் சேர்க்கிறார்கள். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-இல் மலப்புரத்தில் இப்படிப்பட்ட சிகப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டது; கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளில் சோதனை நடத்தியது. அதே ஆண்டு, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே 2025-க்குப் பிறகு தயாரிப்பிலோ ஏற்றுமதி இறக்குமதியிலோ இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு.

வெளிநாட்டு கிரீம் என்றால் டப்பாவில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், யார் பரிந்துரைத்திருந்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.