அந்தக் குப்பை என்னுடையது இல்லைங்க

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜாலான் ஈப்போவில் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் ஓர் அண்ணன் வந்து நின்றார். வீட்டுப் புதுப்பிப்பு வேலை செய்பவர், சொந்தமாக ஒரே ஒரு சின்ன லாரி. ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் கைப்பேசி. செகாம்புட் பக்கம் ஒரு காலி நிலத்தில் உடைந்த டைல்ஸும் செங்கல்லும் குவிந்து கிடக்க, பக்கத்திலேயே அவருடைய லாரி நிற்கும் படம். அந்தத் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய படம் புகாராகி, விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதமாக அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. (அவர் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

“லாயரம்மா, மாமாக் கடையில தே குடிக்க நிறுத்தினேன். அவ்வளவுதான்.”

“சரிண்ணே, இதுவரைக்கும் யார்கிட்ட என்னென்ன சொன்னீங்க?”

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. குழுவில் மூன்று குரல்பதிவுகள் போட்டிருக்கிறார். ஒன்றில், “நான் அந்தப் பக்கமே போனதில்லை” என்று கத்தியிருக்கிறார். படத்தில் லாரி நிற்கிறதே! அதோடு அதிகாரிக்குப் போன் போட்டு, “கேஸ் வேண்டாம் ஐயா, நானே ஆள் வச்சு அள்ளிடுறேன்” என்றும் சொல்லியாகிவிட்டது. செய்யாத தப்புக்கு அவரே இரண்டு சாட்சிகளைத் தயார் செய்து கொடுத்திருந்தார்.

என் அனுபவத்தில், தப்பு செய்தவர் வாயை மூடிக்கொள்வார். செய்யாதவருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கோபத்தில் பேசி ஒரு சின்ன விஷயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டால், பிறகு சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விளையாட்டான சட்டமும் இல்லை இது. கோலாலம்பூரில் நடப்பில் இருப்பது 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672ஆவது சட்டம். 2011 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அனுமதியில்லாத இடத்தில் கழிவைக் கொட்டியதாக நிரூபணமானால் அபராதமே 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை போகலாம், சிறையும் உண்டு. பினாங்கு இந்தச் சட்டத்தை ஏற்காத மாநிலம். அங்கே ஊராட்சிச் சட்டங்களின் கீழ்தான் கடிதம் வரும். பெயிண்ட், தின்னர், பழைய எஞ்சின் எண்ணெய் என்றால் விவகாரம் சுற்றுச்சூழல் துறைக்கும் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கும் போய்விடும். ஆகவே கடிதம் வந்ததும் யார் அனுப்பியது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அழைத்த நாளில் போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அண்ணனின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். டைல்ஸ் துண்டுகளுக்கு நடுவே புல் முளைத்து விரல் உயரம் வளர்ந்திருந்தது. அன்று கொட்டிய குவியலில் புல் எப்படி வரும்? லாரியின் கித்தான் நான்கு மூலையிலும் கட்டியபடியே இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் கைமாறிய படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய விவரமெல்லாம் அழிந்துவிடும். அதனால் எடுத்தவரின் கைப்பேசியில் உள்ள மூலப்படத்தை வாங்கிப் பார்க்கும்படி அதிகாரியிடம் எழுத்தில் கேட்டோம்.

அடுத்தது தாள்கள். அந்த வார வேலைக்கு எடுத்த ரோரோ தொட்டியின், அதாவது லாரியில் ஏற்றிப் போகும் பெரிய கழிவுத் தொட்டியின் வாடகை ரசீது. டூக் நெடுஞ்சாலையில் லாரி போய் வந்த நேரம் காட்டும் டச் என் கோ (டோல் கட்டும் அட்டை) கணக்கு. வேலை கொடுத்த வீட்டம்மா அனுப்பிய செய்திகள். இவ்வளவும் கிடைத்தது, ஆனால் மாமாக் கடை கேமராவைக் கோட்டைவிட்டோம். சம்பவம் நடந்து பத்தொன்பதாம் நாள்தான் அண்ணன் என்னிடம் வந்தார். கடைக்காரர், “பதினாலு நாள்ல தானா அழிஞ்சிடும்மா” என்றார். குரல்பதிவு போட்ட அந்த முதல் நாளே கடைக்காரரைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

வாக்குமூலத்தின்போது இன்னொன்று நடந்தது. கழிவை வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். அண்ணனும் மலாயிலேயே, “சாயா புவாங் டாலாம் தொங்” என்றார், தொட்டியில் போடுவேன் என்ற அர்த்தத்தில். தட்டச்சாகி வந்த தாளில் ‘சாயா புவாங்’ இருந்தது, ‘தொங்’ இல்லை. கொட்டினேன் என்று அவரே ஒப்புக்கொண்டது போல! அதிகாரி வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அன்று அவருக்கு அது ஏழாவது கோப்பு. சொன்னதும் திருத்திக்கொடுத்தார். போலீஸ் பதியும் வாக்குமூலம் என்றால், கையெழுத்துக்கு முன் அதை வாசித்துக்காட்டித் திருத்த வாய்ப்பும் தரவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவே சொல்கிறது. அமலாக்க அதிகாரியிடமும் அதே பொறுமையோடு கேட்கலாம். மலாய் சரியாக வராதென்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

“கட்டித் தொலைச்சிடுவோமே” என்று அண்ணன் நடுவில் ஒருமுறை சொன்னார். கொம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் போகாமல் தீர்க்கும் அபராதத் தொகை, கட்டினால் அந்த விவகாரம் முடியும், உண்மைதான். ஆனால் அதே படத்தை வைத்துத் தாமான்காரர்கள் காலத்துக்கும் பேசுவார்கள், அடுத்த வேலை கிடைக்காது. செய்யாததற்குக் கட்டவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறு வழக்கறிஞர் வேறு மாதிரிச் சொல்லலாம். நீங்களே போய்க் குவியலை அள்ளுவதும் வேண்டாம். அது ஒப்புக்கொண்டது போலத் தெரியும், ஆதாரத்தைக் கலைத்த பழியும் சேரும்.

புகார் கொடுத்தவர் மீது பதில் வழக்கு போடவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அரசு ஊழியரிடம் பொய்யென்று தெரிந்தே தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை, தப்பாக நினைத்துவிட்டார். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூடவேண்டி வந்த நாடு இது. குப்பைக்குப் பக்கத்தில் லாரியைப் பார்த்தால் மக்கள் படம் எடுக்கத்தான் செய்வார்கள், எடுக்கவும் வேண்டும். குழுவில் ஒரு திருத்தம் மட்டும் போடச்சொல்லிக் கடிதம் அனுப்பினோம். போட்டார்.

மூன்று மாதம் கழித்து, மேல் நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது. இப்போது அண்ணன் ஒவ்வொரு தொட்டி நிரம்பியதும் படம் எடுத்து அனுப்ப, அவர் மனைவி பழைய பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தில் தேதி போட்டு எழுதி, ரசீதையும் பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறார்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். குவியல் அங்கேயேதான் கிடக்கிறது. மேலே யாரோ ஒரு மெத்தையையும் போட்டிருக்கிறார்கள்.